ஒரு தட்டு என்றால் நிறுத்து

எனக்குக் கடிதம் எழுதிக்கூடப் பழக்கமில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். படித்தவர்கள் படிக்கிற இடத்தில் வந்து எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரிகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வேலை பார்த்த இடத்தில் இப்போது கவுன்சலிங் பார்க்கிற பெண்தான் என்னை எழுதச் சொன்னாள். இப்போதெல்லாம் பாதிப் பேர் நேரில் வருவதில்லையாம். போனிலேயே முகம் பார்த்துப் பேசுகிறார்களாம். "சின்ன வயசுல அடிபட்டவங்க பழச சொல்லிக்கினு வர்றப்போ, இதுக்கு மேல அவங்களால தாங்க முடியாதுன்னு போன்ல எனக்குத் தெரிய மாட்டேங்குதுக்கா. நீங்கல்லாம் எப்டி கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். எதிரே உட்கார்ந்திருந்தும் நாங்கள் கண்டுபிடிக்காமல் விட்ட ஒருவர்தான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு எங்கள் தங்கச் சுரங்க ஊரில், ராபர்ட்சன்பேட்டையில், ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பஞ்சு எடுத்துக் கொடுப்பது, சீட்டு எழுதுவது, தரை துடைப்பது என்று எல்லா வேலையும் உண்டு. நான் நர்ஸ் இல்லை. ஆனாலும் வருகிறவர்கள் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் மனநல டாக்டர் ஒருவர் வாரத்துக்கு ஒரு நாள் பெங்களூரிலிருந்து வர ஆரம்பித்தார். ஆட்கள் பேசுகிற தமிழ் அவருக்குச் சரியாகப் புரியவில்லை என்று என்னை அறையில் உட்காரவைத்தார்கள். அப்படித்தான் நான் இந்த வேலைக்குள் வந்தேன்.

முதலில் வந்த அந்த டாக்டர் நல்லவர், ஆனால் அவசரக்காரர். ஒரு பெண்ணிடம் முதல் நாளே எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட்டார். அந்தப் பெண் எழுந்து போகும்போது "பாரம் எறங்கிச்சு சார்" என்று கும்பிட்டார். அடுத்த வாரம் அவருடைய அக்கா மட்டும் வந்தார். தங்கை பாயை விட்டு எழுந்திருக்கவில்லை, சாப்பிடவில்லை, இனிமேல் கூப்பிடாதீர்கள் என்றார். அந்தப் பெண் பிறகு வரவே இல்லை.

அவருக்குப் பின் வந்தவர் டாக்டர் சுமித்ரா. மைசூர்ப் பக்கத்துக்காரர். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். சிரித்து நான் பார்த்தது குறைவு. எப்போதும் வாயில் ஒரு கிராம்பு இருக்கும். என்னைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சில வகுப்புகளில் உட்காரவைத்தார். அங்கே பேசின இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்ததெல்லாம் அவர் அறையில் செய்ததைப் பார்த்துப் புரிந்ததுதான்.

வருகிறவரின் நாற்காலி எப்போதும் கதவைப் பார்த்து இருக்க வேண்டும். கதவைச் சாத்தலாம், தாழ்ப்பாள் போடக்கூடாது. டாக்டர் நேர் எதிரே உட்காராமல் கொஞ்சம் ஒருக்களித்து உட்காருவார். நான் சுவர் ஓரமாக. நான் எழுந்திருப்பதானால் "எழுந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டும். பீரோவைத் திறப்பதானாலும் அப்படித்தான். யாரையும் தொடக்கூடாது, அழுதாலும் கூட. "அழாதீங்க" என்று சொல்லக்கூடாது. "நடந்தது நடந்துபோச்சு" என்று ஒருமுறை என் வாயில் வந்துவிட்டது. அன்று மாலை வரை டாக்டர் என்னோடு பேசவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே சிலருக்குக் கண் எங்கோ போய்விடும். அப்போது டாக்டர் செருப்பைக் கழற்றச் சொல்வார். சிமெண்டுத் தரையின் சில்லிப்பு காலில் பட வேண்டும். "இன்னிக்கு என்ன கிழமை? காலண்டர்ல என்ன படம் இருக்கு?" என்று கேட்பார். ஆள் திரும்பி வந்ததும் தண்ணீர் கொடுப்போம். கடைசிக் கால் மணி நேரம் பழைய பேச்சே கிடையாது. ராத்திரிக்கு என்ன குழம்பு, எந்த பஸ், இதுதான். "வந்தவங்க முழுசா வெளியே போகணும் லலிதா. பாதி ஆள் இங்க இருந்துடக்கூடாது" என்பார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி இருந்தது. பழையதைச் சொல்லத் தொடங்குமுன் அதை நிறுத்துவதற்கு ஒரு அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். சிலர் கையைத் தூக்குவார்கள், சிலர் தண்ணீர் கேட்பார்கள். அந்த அடையாளம் வந்த நிமிஷம் டாக்டர் பாதி வார்த்தையில் நிறுத்துவார். சின்ன வயதில் இவர்கள் நிறுத்தச் சொல்லி யாரும் நிறுத்தியதில்லை. அதனால் இங்கே நின்றே தீர வேண்டும் என்பது அவர் கட்டளை.

தசரதன் வந்தது சுரங்கத்தை மூடுவதற்கு முந்தின வருஷம். கூட்டிவந்தவர் அவர் மனைவி சுகுணா. தசரதனுக்கு வயது நாற்பதுக்குப் பக்கம். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் கேஜில் வேலை. ஆட்களை ஏற்றி இறக்குகிற அந்த இரும்புக் கூண்டுக்கு பெல் அடித்து உத்தரவு கொடுப்பவர். ஆனால் அவர் பேசினதை நாங்கள் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. குரல் அவ்வளவு சன்னம்.

"இவுரு பேசறது இவுருக்கே கேக்காது டாக்டர்," என்றார் சுகுணா. "கல்யாணமாகி இத்தினி வருசத்துல எங்கிட்ட சத்தமா ஒரு சண்ட போட்டதில்ல. ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் கத்திக்கினு இருக்கேன்."

அவர் லேசாகத் தலையைக் குனிந்துகொண்டார். சுகுணா கணவரின் வலது கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தார். உள்ளங்கை ஓரத்தில் சின்னச் சின்னதாகப் பல் பதிந்த தழும்பு இருந்தது.

"எம்பொண்ணு பல்லு. மூணாவது படிக்குது. மத்தியானம் எதுக்கோ சிரிச்சிருக்கு. இவுரு வாயப் பொத்திட்டாரு. வெளையாட்டுக்கு இல்ல டாக்டர். மூக்கு வாய் எல்லாம் சேத்து. நான் கடையிலேந்து அன்னிக்கி சீக்கிரம் வந்ததால பொழச்சிது. ஒதடு நீலமாயிட்ச்சி. இன்னாங்க பண்றீங்கன்னு நான் இழுக்கறேன், இவுருக்கு கையே வரல."

"எனக்கு ஞாபகம் இல்ல டாக்டர்," என்றார் தசரதன். "கடிச்ச அப்பறம்தான் தெரிஞ்சிச்சி."

டாக்டர் வேறெதையும் கேட்பதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "குழந்தை உங்ககூடத் தனியா இருக்கக்கூடாது. ஒரு நிமிஷம்கூட." அவர் கோபப்படவில்லை. தலையாட்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் பவானி பக்கத்து வீட்டில் இருப்பது, சுகுணா வேலை முடிந்து வந்து கூட்டிக்கொள்வது என்று ஏற்பாடு ஆனது. "லீவு வுட்டா முழு நாளும் யாரு வூட்ல வுடுவேன்? அந்தம்மாவே ஊருக்குப் போய்டும்," என்றார் சுகுணா. "அதுக்குள்ள இவுரு சரியாவணும். இல்லன்னா புள்ளைய இட்டுக்கினு குடியாத்தம் எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன். போனா வரமாட்டேன்."

எங்கள் ஊரில் லைன் வீடுகள் எப்படி இருக்கும் என்பது தெரிந்தால்தான் மற்றது புரியும். ஒட்டி ஒட்டி ஒற்றை அறை வீடுகள். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலெல்லாம் அவர் தூங்குவார், வீடு மூச்சுவிடாமல் இருக்க வேண்டும். எல்லா வீட்டிலும் இதுதான். பெரும்பாலான வீட்டில் பிள்ளைகளைத் தெருவுக்கு விரட்டுவார்கள். தசரதன் வீட்டில் அவருடைய அப்பா எழுந்து வருவார். பிள்ளையின் வாயைப் பொத்திச் சுவரோடு அழுத்துவார். கால் உதறி அடங்குகிற வரை கையை எடுக்க மாட்டார். அம்மா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருப்பாராம்.

அந்த அப்பா கன்னியப்பன், தசரதன் 'நைனா' என்று கூப்பிடுகிறவர், இப்போதும் அதே வீட்டில்தான் இருந்தார். நெஞ்சில் தூசி படிந்து வேலையை விட்டவர். ராத்திரியெல்லாம் இருமல், பகலில் தூக்கம். ஒரே பிள்ளை, தனியாக விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

தசரதனுக்கு நிறுத்துகிற அடையாளம் வைக்கும்போது டாக்டர் கேட்டார்: "ஓடற கேஜை நிறுத்த எத்தனை பெல்?"

"ஒண்ணு டாக்டர்."

"கீழே இறக்க?"

"ரெண்டு."

"இங்கேயும் அதேதான். மேஜைல ஒரு தட்டுன்னா நிறுத்து. ரெண்டுன்னா தொடரலாம்."

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. டாக்டருக்கும் திருப்தி. "அவர் தொழில்லயே இருக்கு பார் லலிதா, நாம தேடவே வேண்டாம்" என்று அன்று ரயிலுக்குப் போகும்போது சொன்னார். எனக்கும் அது ரொம்பச் சரி என்றுதான் பட்டது.

அடுத்தடுத்து அவர் வந்தார். கேட்டதைச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னால் போதும் என்றாலும் நிற்காமல் சொன்னார். அந்தச் சன்னக் குரலிலேயே சுவர், கை, அந்தக் கையின் பீடி நாற்றம் என்று போய்க்கொண்டே இருந்தார். ஒருமுறைகூடத் தட்டவில்லை. டாக்டர் நடுநடுவே "நிறுத்தலாமா?" என்று கேட்பார். "பரவால்ல டாக்டர்" என்பார். நன்றாகத் தாங்குகிறார் என்று நினைத்தோம்.

அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்பே சுகுணா வாசலில் நின்றிருந்தார். டாக்டர் ரயிலிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"வைத்தியம் பாக்கறேன்னு சொல்லி இன்னும் கெடுத்து வுட்டுட்டீங்களேம்மா," என்றார். "இங்கேந்து வந்தா மூணு நாளு தூங்கறதில்ல. ஷிப்டுல கை நடுங்குதாம், கூட வேலை செய்யறவரு வந்து சொல்றாரு. நேத்து நான் இருக்கறப்பவே புள்ள தும்முச்சி. தும்மலுக்கு எழுந்து வராரு. நான் குறுக்க பூந்தேன். இன்னா சொல்லிக் குடுத்தீங்க அவுருக்கு?"

டாக்டர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தசரதனை வரச் சொன்னார். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"தாங்க முடியலைன்னா தட்டலாம்னு சொன்னேனே. ஏன் தட்டலை?"

அவர் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டோம் போலிருந்தது.

"எப்டி டாக்டர் தட்டறது? சத்தம் வருமே."

டாக்டர் மேஜையைப் பார்த்தார்.

"பெல் அடிக்கிறீங்களே, அதுவும் சத்தம்தானே?"

"அது சுரங்கத்துக்கு அடில. அங்க நைனா இல்ல."

"இங்கேயும் அவர் இல்லையே."

"அதப் பேசறப்போ இருக்காரு டாக்டர்," என்றார்.

டாக்டர் கிராம்பை எடுத்துக் கைக்குட்டையில் வைத்தார். "தப்பு என்னுது," என்றார். "உங்க விரல் மேஜையிலிருந்து எழும்பி எழும்பி அடங்கினதை நான் பார்த்தேன். சும்மா ஆட்டறீங்கன்னு நினைச்சேன். நீங்க ஒவ்வொரு தடவையும் நிறுத்தச் சொல்லியிருக்கீங்க, நான் நிறுத்தலை. மன்னிச்சுக்கோங்க." ஒரு டாக்டர் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. தசரதனுக்கும் அது புதிது போலிருக்கிறது. எழுந்து நின்றுவிட்டார்.

அன்றிலிருந்து பழைய பேச்சு மொத்தமாக நின்றது. தட்டுவது மட்டும்தான் வைத்தியம். முதலில் மேஜைமேல் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் ஒரு விரலால். பிறகு துண்டை ஒரு மடிப்பு குறைத்து. பிறகு வெறும் மரத்தில், நகத்தால். டாக்டர் ஏதாவது உப்புச் சப்பில்லாததைப் பேசிக்கொண்டே இருப்பார், தசரதன் தட்டி நிறுத்த வேண்டும். "எங்க வீட்டுல நேத்து கத்திரிக்கா..." தட்டு. டாக்டர் வாய் திறந்தபடியே நின்றுவிடுவார். இரண்டு தட்டு. "...க்கா கூட்டு." தசரதன் சிரித்ததை அப்போதுதான் முதலில் பார்த்தேன். என்னையும் பேசச் சொன்னார்கள். வெட்கத்தில் எனக்கு ஒன்றும் வரவில்லை. "சிஸ்டர நிறுத்த வேண்டியதே இல்ல டாக்டர், ஆரம்பிச்சாதான?" என்றார் தசரதன்.

ஒருநாள் பக்கத்து அறைக் கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, யாரு கதவத் தட்டிக்கினே இருக்கறது?"

"உள்ள இருந்துதாங்க தட்டறாங்க," என்றேன்.

"தொறந்துதானே இருக்குது?" என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

முட்டியை மடக்கி மரத்தில் பளிச்சென்று ஒரு தட்டுத் தட்ட அவருக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. பிறகுதான் டாக்டர் பழையதை ஒரு வரி கேட்டார். ஒரு வரிதான். அவர் தட்டினார். நின்றது. வியர்த்துப்போயிருந்தார், ஆனால் தரையில் காலை ஊன்றி இந்த அறையிலேயே இருந்தார். அப்படி ஒரு வரி, அடுத்த வாரம் இன்னொரு வரி.

இதற்குள் பரீட்சை வந்துவிட்டது. லீவு விட இன்னும் சில நாட்கள்தான். சுகுணா வந்து, "நான் இன்னா முடிவு பண்றது டாக்டர்?" என்று கேட்டார். "இங்க தட்றாரு சரி. அங்க?"

டாக்டர் சாம்பியன் ரீப்ஸில் அவர்கள் வீட்டுக்கே வருகிறேன் என்றார். பெரியவர் கன்னியப்பன் தூங்குகிற மத்தியான நேரத்தில், எல்லாரும் இருக்கும்போது, பவானி சத்தமாகப் படிக்க வேண்டும். அப்பா தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் தொடர வேண்டும். பிள்ளைக்கு இது விளையாட்டு மாதிரி இருந்தது. "நான் தப்பா படிச்சா தட்டுவாரா?" என்று கேட்டாள். "இல்ல. அப்பாவுக்குப் போதும்னா தட்டுவார். உன்மேல தப்பே கிடையாது," என்றார் டாக்டர்.

வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கட்டிலில் பெரியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கதவை அகலத் திறந்து வைத்தோம். பவானி வாசல் பக்கம், அவளை ஒட்டி சுகுணா. கை எட்டாத தூரத்தில் தசரதன், முன்னால் ஒரு மர ஸ்டூல். டாக்டர் ஒருக்களித்து உட்கார்ந்தார். நான் நிலைப்படியில்.

பவானி ஏழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் தசரதன் தட்டினார். பிள்ளை நிறுத்தினாள். கட்டிலில் அசைவில்லை. தசரதன் இரண்டு காலையும் தரையில் அழுத்தி வைத்தார். இரண்டு தட்டினார். அவள் தொடர்ந்தாள். அப்படியே இரண்டு தடவை நடந்தது.

"எவடி அது?"

பெரியவர் புரண்டார். இருமல் வந்தது. "ராவெல்லாம்தான் தூக்கமில்ல. பகல்லயும் மனுசன் தூங்கறதில்லயா?"

பவானி தானாகவே நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். தசரதன் எழுந்துவிட்டார். அந்த வலது கை விரிந்து பிள்ளையின் பக்கமாகப் போனது. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. சுகுணா பிள்ளையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். டாக்டர் தசரதனின் பெயரைச் சொன்னார், ஒரே ஒரு தடவை, சாதாரணமாக.

கை பாதி வழியில் நின்றது. பிறகு கீழே வந்து ஸ்டூலில் விழுந்தது. ஒரு தட்டு. தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

"இன்னாடா தட்டற?" என்றார் பெரியவர்.

"பவானி படிக்குது நைனா." அந்தக் குரலை நாங்கள் குனிந்து கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பொழுது சாஞ்சி படிக்கட்டும்."

தசரதனுக்கு மூச்சு வாங்கியது. "இல்ல. இப்ப படிக்கும்," என்றார்.

இரண்டு தட்டினார். பவானி அம்மா மடியில் இருந்தபடியே மெதுவாக ஆரம்பித்தாள். பெரியவர் ஏதோ முனகிக்கொண்டு போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான். வாய்ப்பாடு முடிந்தது.

வெளியே தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று சுகுணா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு தட்டுக்கு இத்தினி மாசமா," என்று சிரித்தார். "நான் ஊருக்குப் போவல டாக்டர். லீவுக்கு இங்கயே..."

டாக்டர் தசரதனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்ல அது புள்ள கிட்டதான் போச்சு டாக்டர். அப்பறம்தான் ஸ்டூலுக்கு வந்துச்சி," என்றார். "நீங்கல்லாம் இருந்தீங்க. நாளைக்கி இருக்க மாட்டீங்க. லீவு முழுக்க அவங்க குடியாத்தத்துல இருக்கட்டும். நான் வாரா வாரம் ஒங்ககிட்ட வரேன்."

"இன்னாங்க இது? இப்பதானே எல்லாம் நல்லா நடந்துச்சி, நீங்க எதுக்கு..."

அவர் டிரம்மில் ஒரு தட்டுத் தட்டினார். சுகுணா பாதிப் பேச்சில் நிறுத்திக்கொண்டார். டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் சுகுணாவும் பவானியும் குடியாத்தம் பஸ் ஏறினார்கள். பையைத் தூக்கிவந்து ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துக் கொடுத்தவர் தசரதன். பஸ் போனதும் அவர் மத்தியான ஷிப்டுக்குப் போனார்.